இருபத்துநான்கு வெள்ளைக்கரு

நாரைகள் திரும்பிவந்த வாரம்
பதினோரு கோழிகளும் பேசிவைத்தாற்போல்
இடத் தொடங்கின.
நரேவ் ஆற்றோரம் பனிக்கட்டி இன்னும் முழுசாய்க் கரையவில்லை.
நாளுக்கு ஒன்பது, சில நாள் பத்து.
வீட்டில் நாங்கள் இருவர்.
லூத்விக்குக் கொலஸ்ட்ரால்.

முட்டையிடும் கோழிக்குத்தான் வலி தெரியுமாம்.
தின்று தீர்க்க வேண்டியவளை
யார் கேட்டார்கள்?

முதல் வாரம் ஆம்லெட்.
இரண்டாம் வாரம் நூடுல்ஸ்:
மாவில் குழி பறித்து ஏழு முட்டை,
பிசைந்து, தேய்த்து, நறுக்கி
நாற்காலி முதுகுகளில் காயப்போட்டேன்,
துணி ஸ்டாண்டில் போட்டேன்,
இடம் போதாமல் லூத்விக்கின் தூண்டில் கழிகளிலும்.
மஞ்சள் மழை பாதியில் நின்றதுபோல் இருந்தது கூடம்.
குனிந்து குனிந்து நடந்தோம்.

இரவுப் பணிக்குப் போகும்போதெல்லாம்
ஆஸ்பத்திரிக்கு ஓர் அட்டை, முப்பது.
எலும்பு முறிவு வார்டில் கொடுக்காத கட்டில் இல்லை.
மயக்கமருந்து டாக்டர் இப்போது
என்னைக் கண்டால் லிஃப்டை விட்டுப் படியில் இறங்குகிறார்.
பக்கத்து வீட்டு ரெனியா
திரைச்சீலைக்குப் பின்னால் மூச்சடக்கி நின்றாள்.
அவள் பூனைதான் ஜன்னலுக்கு வந்து
காட்டிக்கொடுத்தது.
கடைக்கார வியோலா மட்டும்
"முத்திரை இல்லாததை விற்க முடியாது" என்று
உரக்கச் சொல்லிவிட்டு
மேசைக்கடியில் ஆறு வாங்கிக்கொண்டாள்.

ஈஸ்டருக்கு முந்தின வியாழன்.
வெங்காயச் சருகில் வெந்து
முப்பது சிவந்தன.
கூடையில் இன்னும் மலை.
லூத்விக்கின் அத்தை எழுதிவைத்த சீட்டை எடுத்தேன்:
பாப்கா, மஞ்சள்கரு இருபத்துநான்கு.
எண்ணை இருமுறை படித்து
அப்பாடா என்று உடைக்க ஆரம்பித்தேன்.

அடுப்பில் அது உயரும்போது
கதவை அறையக்கூடாது, உரக்கப் பேசக்கூடாது.
வந்த தும்மலை லூத்விக்
கோழிக்கூடு வரை எடுத்துப்போய்த் தும்மிவிட்டு வந்தான்.
எழுந்தது பாப்கா,
தொப்பி வைத்த பாதிரியார் மாதிரி.

பிறகுதான் வாளியைப் பார்த்தேன்.
இருபத்துநான்கு வெள்ளைக்கரு
அசையாமல்
என்னையே பார்த்துக்கொண்டு.

அடித்தேன். நுரைத்தது.
இன்னும் அடித்தேன், பாத்திரம் கொள்ளவில்லை.
பீரோ மேல் மெரிங்கே, கட்டிலடியில் மெரிங்கே,
குளிர்காலத் தொப்பிகளின் பெட்டிகளில் மெரிங்கே.
வியோலாவிடம் நான்கு கிலோ சர்க்கரை கடன்.
முட்டை இலவசம்;
அதைத் தீர்க்க ஆன செலவை லூத்விக்
ஒரு தாளில் எழுதிக் கூட்டினான்.
அந்தத் தாளிலேயே ஆறு மெரிங்கே சுற்றி
தபால்காரருக்குக் கொடுத்தேன்.

இரக்கப்பட்டோ குற்ற உணர்விலோ
ரெனியா ஒரு பாட்டில் ஸ்பிரிட் அனுப்பினாள்,
முட்டை மது காய்ச்சும் முறையோடு.
படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.
மஞ்சள்கரு மட்டும், பன்னிரண்டு.

நவம்பரில் கோழிகள் இறகு உதிர்த்தன.
பாதி ஆடையில் பிடிபட்டவர்கள்போல்
வேலியோரம் முகம் திருப்பி நின்றன.
நாலு மணிக்கே இருட்டு.
கூட்டுக்குள் கைவிட்டால் வைக்கோல்,
ஏமாற்ற வைத்த பீங்கான் முட்டை,
அதுவும் சில்லென்று.

வியோலா கடையில் பத்து முட்டை வாங்கினேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சில்லறையைத்தான் வழக்கத்தைவிட மெதுவாக எண்ணினாள்.
ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு முத்திரை,
முதல் எண் மூன்று.
கூண்டில் அடைபட்ட கோழி என்று அர்த்தம்.
ஈரத்துணியால் துடைத்தேன், போகவில்லை.
முத்திரை கீழே இருக்கும்படி
என் கூடையில் அடுக்கினேன்.

காலையில் லூத்விக் ஒன்றை உடைத்தான்.
வாணலியில் வெளிறிக் கிடந்த மஞ்சளைப் பார்த்தான்,
ஜன்னல் வழியே கோழிகளைப் பார்த்தான்.

"அதுகளுக்கு உடம்பு சரியில்லையோ?"

"உன் கொலஸ்ட்ராலுக்கு
இதுதான் நல்லது," என்றேன்.