வதந்தி எண் நாற்பத்தொன்று

ஜெனீவாக்காரர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு சுழியம்.
வாரம் தவறாமல், சனிக்கிழமை கடைசித் தபாலில்
திசையன்விளையிலிருந்து ஒரு சுழியம்.
வெறும் கோடு போட்டால் படிவம் திரும்பி வரும்.
கோடு என்றால் பார்க்கவில்லை;
சுழியம் என்றால்
பார்த்தோம், இல்லை.

பார்ப்பது என் வேலை.
இட்டமொழி, நவ்வலடி, குட்டம்.
தேரி மணலில் ஜீப் பாதியில் படுத்துவிடும்.
சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பேன்.
பையில் பெரியம்மைக் குழந்தையின் படம் போட்ட அட்டை,
சுண்ணாம்புக்கட்டி,
வதந்திப் பதிவேடு.
ஆமாம், அதுதான் அதன் பெயர், ரப்பர் முத்திரையோடு.
கொப்புளம் என்று எவன் எங்கே சொன்னாலும்
எண் போட்டு, தேதி போட்டு,
தேடிப்போய்ப் பொய்யாக்க வேண்டும்.

காட்டிக் கொடுத்தால் ஆயிரம் ரூபாய் என்று
சந்தைச் சுவரெல்லாம் ஒட்டியிருந்தோம்.
சிரங்கைக் கொண்டுவந்தார்கள், வேர்க்குருவைக் கொண்டுவந்தார்கள்,
குளவி கொட்டிய மைத்துனனைக்
கட்டிலோடு தூக்கிவந்தார்கள்.
முகமெல்லாம் தழும்பான ஒருவர்
இருபது வருஷத்துப் பழசுக்குப்
பாதியாவது கிடையாதா என்றார்.

நாற்பத்தொன்று: குட்டத்துக்குக் கிழக்கே ஒரு விடிலி.
பலவேசம், வயது ஆறு.
வயிற்றிலும் முதுகிலும் கொப்புளம்,
உள்ளங்கை வழவழவென்று சுத்தம்.
பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.
அவன் அம்மை லிங்கக்கனிக்கு
எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது.
"வந்திருக்கது சின்னவ.
ஒங்க ஆயிரத்துக்கு ஆள் விட்டது எங் கொழுந்தன்,
நானில்ல."

ஆனாலும் விதி விதிதான்.
இடுக்கியால் ஆறு பொருக்கு எடுத்து,
குழாயில் இட்டு, குழாயைத் தகரத்தில் இட்டு,
அரக்கு வைத்தேன்.
வேப்பங்குழையை வீசுவதை நிறுத்திவிட்டு
அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.
"ஆறு முத்து.
மூணாந் தண்ணி ஊத்துததுக்குள்ள திருப்பித் தந்திரணும்.
ஆத்தா குடுத்தத ஆத்தாகிட்டதான் எறக்கணும்."
சரி என்றேன்.
வேறு என்ன சொல்வது?

டெல்லியிலிருந்து பதில் வர
மூன்றாம் தண்ணீர் போய் மூன்று வாரம்.
சின்னம்மை என்று தட்டச்சில் ஒரு வரி.
உறையை உதறிப் பார்த்தேன்.
எழுதினேன்:
மேற்படி ஆறு பொருக்குகளையும்
உரியவரிடம் சேர்க்கும்பொருட்டுத் திருப்பி அனுப்பக் கோருகிறேன்.
பெரிய டாக்டர் கூப்பிட்டு
உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டார்.
சொந்தக் காசில் தலை ஒட்டி ஜெனீவாவுக்கே எழுதினேன்.
நன்றி என்று அச்சடித்த ஒரு கடிதமும்
புதுச் சுவரொட்டி பத்தும் வந்தன.

பிறகு ஒரு ஸ்வீடன்காரர் வந்தார்,
எங்கள் சுழியங்கள் உண்மைதானா என்று தட்டிப் பார்க்க.
பதிவேட்டைப் புரட்டி விரலை வைத்தது
நாற்பத்தொன்றில்.
கடைசிக் கட்டம் காலி. ஏன்?
சொன்னேன். தொப்பியைக் கழற்றினார், போட்டுக்கொண்டார்,
விடிலிக்கு நடந்தோம்.

லிங்கக்கனி கருப்பட்டிப் பாகு கிண்டிக்கொண்டிருந்தாள்.
இங்கே பெரியம்மை உண்டா?
"இல்ல."
எப்படித் தெரியும்?
"இவுக வந்து வந்து பாத்துட்டுப் போறாவல்லா."
அதை அவர் எழுதிக்கொண்டார்.
பதநீர் கொடுத்தாள், பட்டையில் ஏந்திக் குடித்தார்.
கிளம்பும்போது கேட்டாள்:
"முத்து?"
மொழிபெயர்க்க வந்தவர்
வெயில் ஏறிவிட்டது, போகலாம் என்றார்.

எண்பதில், மே மாதம்,
ராதாபுரத்து டீக்கடை ரேடியோ சொன்னது:
உலகத்தில் இனி எங்கும் இல்லை.
பன்னு கடித்துக்கொண்டிருந்த ஒருவர்
எது இல்லையாம் என்று கேட்டார்.

பதிவேடுகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு.
முந்தின இரவு அரிக்கேன் விளக்கில்
நாற்பத்தொன்றைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன்.
இறுதி நடவடிக்கை என்ற கட்டத்தில்
சுழியம் போடவில்லை.
கோடும் போடவில்லை.