ஓர் எழுத்து குறைந்தவன்

ரெங்கம் தபால் நிலையத்துக்கு எதிரே
மூன்றே காலுக்குத் தொழிற்சாலை பஸ் வரும்.
செம்பனை மில்லின் புளித்த வாடை
சட்டையோடு கூடவே ஏறும்.
பாலம் வரும்வரை எல்லோரும் தூங்குவார்கள்,
தலைகள் ஒன்றாக ஆடும்.
நான் தூங்கி மூன்று வருடமாகிறது.

கடவுச்சீட்டை வைத்து
கட்டைவிரலை வைத்தால்
அவர்களுக்குப் பச்சை.
எனக்குச் சிவப்பு.
சுவரோரம் ஒரு நீல நாற்காலி,
கால் ஒன்று குட்டை.
அதில் ஆடாமல் உட்காரப் பழகிவிட்டேன்.

முதல் தடவை நாலு மணி நேரம்.
பஸ் போனது. அரைநாள் சம்பளம் போனது.
"நீ என்ன செஞ்ச?" என்றான் போர்மன் ஆ செங்.
அதைத்தானே நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தாம் தடவையோ ஆறாம் தடவையோ
ஃபாரிதா என்று பெயர்ப்பட்டை குத்திய அதிகாரி
குரலைத் தாழ்த்தினாள்:
உன் பெயரில் ஒருத்தன் இருக்கிறான்.
ஓர் எழுத்துதான் குறைவு.
பிறந்த தேதியும் அதே.
எந்த நாடு என்று சொல்ல முடியாது.
என்ன குற்றம் என்று என் திரையிலும் வராது.
நாடுகள் சேர்ந்து வைத்திருக்கும் பட்டியல்.

எழுத்தா.
என் பெயரை எழுதியது நானில்லை, அப்பாவுமில்லை.
இரண்டாம் டிவிஷன் கிராணி,
சம்பள வரிசைக்கு நடுவே,
குணாளனுக்கு எத்தனை 'எல்' என்று
யாரையும் கேட்காமல் எழுதினார்.
என்றைக்குப் பிறந்தான் என்றதற்கு
"ஆத்துப் பாலம் ஒடைஞ்ச வாரம்" என்றாளாம் அம்மா.
பாரத்தில் பாலத்துக்குக் கட்டம் இல்லை.
ஜனவரி ஒன்று என்று போட்டுவிட்டு
அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்த நாட்டிலும் ஒரு கிராணி இருந்திருப்பார்.
அவருக்கும் வரிசை நீளமாக இருந்திருக்கும்.

போலீஸ் பாலாய்க்குப் போனேன்.
சார்ஜன் ரொஸ்லி நல்ல மனுஷன், விசிறியை என் பக்கம் திருப்பினார்.
இவர் அவரல்ல என்று தட்டெழுதி
இரண்டு முத்திரை குத்தித் தந்தார்.
பெயரை நீக்கமுடியுமா என்றேன்.
பட்டியல் நம்முடையது இல்லை, என்றார்.
நம்மிடம் இருக்கிறது, அவ்வளவுதான்.
அவர்களிடமும் இருக்கிறது.
அவர்களுடையதும் இல்லை.

தாளை நாலாய் மடித்துப் பர்ஸில் வைத்தேன்.
மெஷின் பர்ஸைப் பார்ப்பதில்லை.

கோமளாவுக்கு இது வேடிக்கையாகிவிட்டது.
ஓர் எழுத்து குறைந்தால் தம்பிதானே.
"ஒங்க தம்பி இன்னிக்கு எத்தன மணிக்கு விட்டாரு?"
கறி வைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில்
"அவரு சாப்பிட்டாரோ என்னமோ" என்பாள்.
நானும் யோசிக்க ஆரம்பித்தேன்.
எனக்குப் போல் அவனுக்கும் முன்தலை ஏறியிருக்குமா,
எந்த ஊர் பஸ்ஸில்
யார் கண்ணில் படாமல் உட்கார்ந்திருக்கிறான்,
அல்லது அவனுக்கும் ஒரு நீல நாற்காலியா,
என் பெயரைச் சொல்லியா.

போன செவ்வாய்
கட்டைவிரலை வைத்தேன்.
பச்சை.
கதவு திறந்தது. நான் நகரவில்லை.
பின்னால் நின்றவன் பையால் இடித்தான்.
நாற்காலியில் யாரும் இல்லை.
ஃபாரிதா நிமிராமலே சொன்னாள்:
பதிவை மூடிவிட்டார்கள்.

பிடித்தார்களா.
செத்தானா.
இவர் அவரல்ல என்று
அவனுக்கும் யாராவது தாள் கொடுத்தார்களா.
"போங்க, லைன் நிக்குது" என்றாள்.

பஸ்ஸில் ஏறினதும்
டிரைவர் ஜெகா கைதட்டினான்.
ஆ செங் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.
மாலை வரை பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினேன்,
இருபது முப்பது கோணலாகப் போயிருக்கும்.

வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது
"தம்பி என்ன சொன்னாரு?" என்றாள்.
"போயிட்டான்" என்றேன்.

சிரிக்கப்போனவள் என் முகத்தைப் பார்த்து
அடுப்பை அணைத்தாள்.
கொஞ்ச நேரம் கரண்டியோடு நின்றாள்.
பிறகு துண்டை எடுத்துக் கையில் கொடுத்து,
"தலைமுழுகிட்டு வாங்க,
அப்புறம் சாப்பிடலாம்" என்றாள்.