நான் அழைத்தால் வரைபடம் நிற்கும்

கொச்கோரிலிருந்து நாரினுக்கு
நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
வலப்பக்கம் ஸ்டியரிங் வைத்த பழைய ஜப்பான் வண்டியில்
ஏழு பேரை ஏற்றிப் போவான் எசென்பெக்.
அவன் கைபேசியின் இணையத்தை
ஏழு பேரும் ரொட்டி மாதிரி பிய்த்துக்கொள்வார்கள்.

அப்போது பார்த்து நான் அழைப்பேன்.

4ஜி இருந்த மூலையில்
ஈ என்று ஒற்றை ஆங்கில எழுத்து
ஈயைப் போலவே வந்து உட்காரும்.
வரைபடத்தின் நீலப் புள்ளி
ஏதோ ஒரு வளைவில் உறையும்.
பின் இருக்கைப் பையனின் கால்பந்து
கோல் கம்பத்துக்கு ஒரு முழம் முன்னால்
அந்தரத்தில் நிற்கும்.
"வந்துட்டாங்கப்பா டிரைவர் வீட்டம்மா" என்று
யாரோ முனகுவது எனக்கே கேட்கும்.

சிம் கடை மீர்லான்தான் விளக்கினான்:
"சய்ரகுல் எஜே, இந்த ஃபோன்ல
நாலாம் தலைமுறைக்குப் பேச வராது.
படம் இழுக்கும், பாட்டு இழுக்கும்.
ஒரு ஹலோ வந்துச்சுன்னா
படியிறங்கிப் போய்
ரெண்டாம் தலைமுறையை எழுப்பும்.
நீங்க வெக்கிற வரைக்கும்
இணையம் வாசல்ல நிக்கும்."

கர்வமாகத்தான் இருந்தது.
என் ஒரு "சாப்பிட்டியா"வுக்கு
ஒரு வண்டி உலகமே நின்று காத்திருக்கிறதே.

அந்தப் பழைய லைனில் குரல்
தகரக் குடத்துக்குள்ளிருந்து வரும்.
எதையும் அதில் கரைத்துவிடலாம்.
"டோலோன் கணவாய் ஏறுறேன், காத்து" என்பான்.
சரியென்பேன்.
"தைச்சிட்டிருக்கேன், இங்கயும் இரைச்சல்" என்பேன்.
சரியென்பான்.

இலையுதிர் மாதம் தோர்தோய் சந்தையில்
யாரோ தள்ளிவிட்ட ஃபோன் ஒன்று வாங்கினான்.
எனக்கும் ஒன்று.
மீர்லான் உள்ளே போய் எதையோ தட்டினான்.
"இனிமே பேச்சும் நாலுலயே போகும், எஜே.
மத்த டேட்டா மாதிரி பொட்டலம் கட்டித்தான் போகும்.
ஆனா நெரிசல்ல ஆம்புலன்ஸுக்கு விடுற மாதிரி
அதுக்கு வழி விடுவாங்க."

முதல் மணியிலேயே எடுத்தான்.
யாரும் முனகவில்லை.
பந்து நிற்கவில்லை போலும் என்று நினைத்தேன்.
"கணவாய் ஏறுறேன்" என்றான்.

காற்று இல்லை.
பில்லியர்ட்ஸ் பந்துகள் இரண்டு மோதி
ஒன்று குழியில் விழுந்தது.
யாரோ கண்ணாடிக் கோப்பையில் சர்க்கரை கலக்கினார்கள்.
தூரத்தில் வேறொரு டிரைவர்
"நாரின், நாரின், ஒரே ஒரு ஆள்" என்று
தொண்டை கட்டக் கூவினான்.

மணி பதினொன்றரை.
காலை ஆறுக்குக் கிளம்பியவன்
இன்னும் கொச்கோர் தாண்டவில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவன்தான் மெல்லக் கேட்டான்:
"மெஷின் சத்தத்தைக் காணோமே?"

மார்ச்சிலேயே விற்றாயிற்று.
மகள் அக்மராலின் பல்லுக்கு.

"லைன்ல இருக்கியா?"
"இருக்கேன்."
அவன் எச்சில் விழுங்கியது
என் காதுக்குள் நடந்த மாதிரி கேட்டது.
இவ்வளவு துல்லியத்தை
யார் கேட்டார்கள் இவர்களிடம்?
பதினேழு வினாடி பேசாமல் இருந்தோம்.
அதையும் பொட்டலம் கட்டி
வழி விலக்கி, பத்திரமாகக் கொண்டு சேர்த்தார்கள்.

டோலோன் உச்சியில் மட்டும்
இன்னும் பழைய கம்பம்தான்.
எந்த ஃபோனும் அங்கே இரண்டுக்கு இறங்கியாக வேண்டும்.
போன வாரம் அங்கிருந்து அழைத்தான்.
வண்டிக் கடனில் மூன்று தவணை பாக்கி என்று
தகரக் குடத்துக்குள்ளிருந்து சொன்னான்.
குரல் நடுங்கியது காற்றிலா, லைனிலா,
நான் கேட்கவில்லை.
மெஷினைப் பற்றி நானும் சொன்னேன்.
காதில் விழுந்ததா, தெரியாது.
"சரி" என்றான்.

அவனுக்குப் பின்னால் யாரோ சலித்துக்கொண்டார்கள்,
சரியாக கோல் விழும் நேரத்தில் நின்றுவிட்டதாம்.

அப்படியானால்
வண்டியில் ஆள் இருக்கிறது.