சூடான எஞ்சின்

மாவுன் போய்ச் சேர இருபத்தாறு நிமிடம்.
எஞ்சின் சம்மதித்தால்.

இங்கே ஓடுபாதை என்பது
புல்லைச் செதுக்கிய நீள மணல்.
நிழல் என்பது இறக்கைக்கு அடியில் மட்டும்.
அங்கே உட்கார்ந்திருக்கிறாள் பொனோலோ,
ஆற்றோர விடுதியின் சமையல்காரி.
கைப்பையில் ஒரு கடிதம்:
மூன்றரைக்குத் தலைமையாசிரியரைப் பார்க்கவும்.
மகன் யாருடைய பல்லையோ உடைத்துவிட்டான்.

நான் நிறுத்தியது கால் மணி நேரம்தான்.
தக்காளிப் பெட்டிகளை இறக்க.
பறக்கும்வரை காற்று தடவிக்கொடுத்துக்கொண்டே வரும்,
எஞ்சின் அடங்கியிருக்கும்.
நிறுத்திய பிறகுதான் கொதிக்கும்.
சண்டையெல்லாம் முடிந்து
வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது
கோபம் வருமே, அப்படி.

சாவியைத் திருப்பினேன்.
காற்றாடி சுற்றியது, சுற்றியது,
ஒரு தும்மல்கூட இல்லை.

செயற்கைக்கோள் தொலைபேசியில் மெக்கானிக் மொதிரி.
எதையோ மென்றுகொண்டே கேட்டான்:
"என்ன வாசனை?"
"ஒன்றுமில்லை."
"அப்போ குழாயில் பெட்ரோல் இல்லை, ஆவிதான்.
சிவப்புக் குமிழை வெளியே இழு, கறுப்பை உள்ளே தள்ளு,
பம்பைப் போட்டு அறுபது எண்ணு.
குளிர்ந்தது வந்து கொதித்ததைத் தள்ளிக்கொண்டு
டாங்குக்கே திரும்பிப் போகும்.
அறுபது. ஐம்பது இல்லை."

நாற்பத்தொன்றில் பொனோலோ கேட்டாள்,
"கெட்டுப்போச்சா?"
இல்லை என்று சொல்வதில் எண்ணிக்கை போயிற்று.
போதும் என்று சிவப்பைத் தள்ளினேன்,
பம்பை இன்னொரு தரம் அழுத்தினேன்,
சாமிக்குப் பயந்து இன்னொரு தரம்.
ஒரே ஒரு இருமல்.
பிறகு மூக்கின் அடியிலிருந்து மணலில்
சொட்டு, சொட்டு.

"இப்ப என்ன வாசனை?"
"பெட்ரோல். எல்லா இடத்திலும்."
மொதிரி மெல்லுவதை நிறுத்தினான்.
ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று
அவன் சொல்லவில்லை.
சொல்லாதது நன்றாகவே கேட்டது.

பத்து நிமிடம் சும்மா இரு என்றான்.
பைலட் பள்ளியில் எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள்,
சும்மா இருக்க மட்டும் இல்லை.
எண்ணெய் மூடியைத் திறந்துவைத்தேன், அனல் வெளியேற.
சொட்டு நின்றதா என்று குனிந்து பார்த்தேன்.
பாட்டரியில் இன்னும் இரண்டு முயற்சி இருக்கும்,
ஒன்றாகவும் இருக்கலாம்.
கடைசியாகச் சுற்றியபோது காற்றாடி
கடன் திருப்பிக் கொடுப்பவனைப் போலச் சுற்றியது.

மூழ்கிய எஞ்சினுக்கு முறை தலைகீழ்.
கறுப்பு முழுக்க உள்ளே,
சிவப்பு முழுக்க வெளியே.
பெட்ரோலை வெட்டிவிட்டு, காற்றை மட்டும் ஊட்ட வேண்டும்.
பற்றிக்கொண்ட அந்த நொடியில்
சிவப்பு உள்ளே, கறுப்பு வெளியே,
விழித்த பிள்ளையை அழவிடாமல் கைமாற்றுவது போல.
ஒரு கை சாவியில்.
வேலை மூன்று கைக்கு, இருப்பதோ இரண்டு.
கறுப்பை முழங்கையால் இழுத்தேன்.
எந்தப் புத்தகத்திலும் இல்லை அது.

ஒரு சிலிண்டர்.
இரண்டு.
நொண்டி நொண்டி நாலு.
பிறகு ஆறும் சேர்ந்து,
நேற்றும் அதற்கு முன்னும்
எதுவுமே நடக்காதது போல.

பொனோலோ ஏறிப் பட்டியைக் கட்டினாள்.
பாதையின் தொடக்கத்துக்கு உருட்டிப் போய்
மூக்கைத் திருப்பினால்,
நடுவில் ஒரு யானை.
பின்னால் இன்னொன்று. அதன் குட்டி.
மணலை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டு,
அவசரம் என்ற சொல்லைக் கேள்விப்படாமல்.

வழக்கமாக அணைத்துவிட்டுக் காத்திருப்பேன்.
இன்று விரலை
சாவியின் பக்கமே கொண்டுபோகவில்லை.
இரண்டு காலும் பிரேக்கில்.
வெப்பமுள் பச்சைக்கோட்டின் விளிம்பில்.

மணி மூன்று பத்து.
பொனோலோ கடிதத்தை எடுத்துப் படித்தாள்,
யானையைப் பார்த்தாள்,
இன்று முதல்முறையாகச் சிரித்தாள்.
"ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?
இல்லாவிட்டால் நம்பமாட்டார்."