இருபத்திரண்டு அடி

கிணற்றடியிலிருந்து கொல்லைக் கதவு வரை
நாற்பத்து நாலடி சிமிண்டுத் தரை.
பத்திரப்படி, வேப்பமரத்துப் பக்கம் எங்களுக்கு.
கொட்டகை இடிந்த பக்கம்
ஈப்போவில் இருக்கிற பங்காளி சாத்தப்பனுக்கு.
இன்றுவரை யாரும் கோடு போட்டதில்லை.
பாசிக்கும் பத்திரம் படிக்கத் தெரியாது,
இரண்டு பங்கிலும் ஒரே பச்சையாய் ஏறியது.

ஆடி பதினெட்டுக்கு மறுநாள்
வாளியோடு வழுக்கி விழுந்தேன்.
எங்கள் பங்கில்தான்.
மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு.
பெயிண்ட் பேச்சு அப்புறம்தான் வந்தது.

சேவுகன் குந்தி உட்கார்ந்து
திருப்புளியால் தரையைச் சுரண்டினான்.
"எந்த வருசம் போட்டது ஆச்சி?"
எண்பத்தாறு. என் கலியாணத்துக்கு
பந்திக்கு இடம் பத்தாதென்று
நாலே நாளில் போட்ட தரை.
அவசரத்தில் வாட்டம் தப்பிவிட்டது.
பெய்கிற மழையெல்லாம் இங்கேயே வந்து நிற்கும்.
"அதான் சேதி" என்றான்,
மாப்பிள்ளை வீட்டைப் பற்றி ஏதோ தெரிந்துகொண்ட மாதிரி.

உடனே பூசுவான் என்று நினைத்தேன்.
ஒரு முழ பாலித்தீன் தாளை
நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டிவிட்டுப் போனான்.
காலையில் உரித்தால்
உள்பக்கம் முத்து முத்தாய் வேர்த்திருந்தது.
"தரை இன்னும் மூச்சு விடுது. இப்பப் பூசினா உரிஞ்சிரும்."
மறுநாளும் வேர்த்தது.
மூன்றாம் நாள் நானே ஐந்தரைக்கு எழுந்து,
பல்கூடத் துலக்காமல் போய் உரித்துப் பார்த்தேன்.
காய்ந்திருந்தது.
யாரிடமாவது சொல்லணும் போலிருந்தது,
வேப்பமரம்தான் இருந்தது.

ஆசிட் ஊற்றியபோது தரை சீறி நுரைத்தது.
கழுவிவிட்டதும் பாசி போய்
பழைய கறையெல்லாம் எழுந்து வந்தது:
ராஜ்தூத் நின்ற இடத்தில் எண்ணெய் வட்டம்,
கோட்டை அடுப்பு கருக்கிய மூன்று திட்டு,
சாயப்பட்டறைக்காரன் எவனோ
ஈரத்தில் கட்டைவிரலால் எழுதிய ஒரு "மு".
முருகனா, முத்துவா, முடிக்கவில்லை.

ஈப்போவுக்குப் போன் போட்டேன்.
மொத்தமாய்ப் பூசினால் கூலி குறையும்,
உங்கள் பாதிக்கு நாலாயிரத்து இருநூறு.
"நான் வர்றதே மூணு வருசத்துக்கு ஒரு தரம்,
அது பாட்டுக்குக் கிடக்கட்டும்" என்றார்.
சரி, கிடக்கட்டும்.

காரைக்குடிக் கடையில் அட்டை விரித்தார்கள்.
செங்காவியில் மட்டும் பதினோரு பெயர்.
மழை பெய்த மறுநாள் சாலையோர மண் இருக்குமே,
அதற்குக் கிட்டத்தில் ஒன்று எடுத்தேன்.
சேவுகன் இருபத்திரண்டாவது அடியில்
நூல் பிடித்து டேப் ஒட்டினான்.
ஒரு கோட் அடித்தான், காயவிட்டான், மறு கோட்.
டேப்பை இழுத்ததும்
முப்பத்தெட்டு வருசம் இல்லாத வேலி
முழங்கால் உயரம்கூட இல்லாமல்
தரையோடு தரையாய் எழுந்து நின்றது.
எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.
வழுக்காமல் இருக்கத்தானே பூசினேன்.

அன்றைக்கு ராத்திரி வீடியோவில்
சாத்தப்பன் கோட்டைத்தான் முதலில் பார்த்தார்.
"பாகம் பிரிச்சிட்டீங்களோ?"
பூசாத பக்கத்துக்கும்
ஒரு நிறம் வந்துவிடுகிறது, என்ன செய்ய.
பதில் சொல்லாமல் கேமராவை
இன்னும் கொஞ்சம் தாழ்த்தினேன்.

மத்தியானம் சேவுகன் டீக்குப் போன நேரம்
அடுத்த வீட்டுக் கோழி
ஈரச் செங்காவியில் இறங்கி,
கோட்டைத் தாண்டி,
அவர் சாம்பல் பங்கில் நிதானமாய் நடந்திருக்கிறது.
ஒன்பது சிவப்புக் கால்.
"தின்னர் போட்டுத் துடைச்சிரவா ஆச்சி?"
என்று கேட்டான் சேவுகன்.
அது அவுக பங்கு, நாம தொடக்கூடாது என்றேன்.

கோழிக்கால் அம்புக்குறி மாதிரித்தான் இருக்கும்,
ஆனால் போகிற திசையைக் காட்டாது,
வந்த திசையைக் காட்டும்.
சாத்தப்பன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒன்பதும் எங்கள் பக்கம்.

"அந்த நிறத்துக்கு என்ன பேரு?" என்றார் கடைசியில்.
டப்பாவைத் தேடிப் போனேன்.