இருட்டில் கை போகும் இடம்

கிடினியா துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து
பெட்டி தூக்குவது என் வேலை.
எந்தக் கொள்கலன் எந்த வரிசையில், எத்தனையாவது அடுக்கில்
என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
வீட்டில் கத்தரிக்கோல் எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள்.
மூன்று வாங்கியிருக்கிறேன்.
மூன்றும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்தன.

பிப்ரவரியில் ஒரு மாலை
கடல் காற்றில் எங்கோ கம்பி அறுந்தது.
தெரு முழுக்க இருட்டு.
மெழுகுவர்த்தி இருந்தது. இருந்தது, எனக்குத் தெரியும்.
இருப்பது வேறு, கிடைப்பது வேறு.
செல்போனில் இரண்டு சதவீதம் சார்ஜ்.
கையை நீட்டினேன்:
ஒற்றைப் பனிக்காலணி,
சாவி தொலைந்த பூட்டு,
ரசீதுக் கட்டு,
பிசுபிசுவென்று ஏதோ ஒன்று
(என்னவென்று இன்றுவரை தெரியாது).
முழங்காலில் உடற்பயிற்சி சைக்கிள் இடித்தது.
ஆறு வருடமாகச் சட்டைகள் மட்டுமே
ஏறி உட்கார்ந்த சைக்கிள்.

"அம்மா, நகராதே" என்றான் டிமோன்,
சுவரைப் பிடித்துக்கொண்டு.
சொந்த வீட்டில்
வழி கேட்க ஆளில்லாமல் நின்றோம்.

கீழ்வீட்டு லூட்சினாதான்
மெழுகுவர்த்தியை ஏற்றியே கொண்டுவந்தாள்.
"எங்கள் வீட்டில் இது தொட்டிக்கு இடப்பக்கம் இருக்கும்" என்றாள்,
யாரும் கேட்காமலே.
கோபம் வந்தது.
அவள் போனபின்
அந்த வெளிச்சத்தில் அறையைப் பார்த்தேன்.
கோபம் இடம் மாறியது.

இறக்க இடம் பார்க்காமல்
எதையும் தூக்காதே:
பளுதூக்கி ஓட்டுபவருக்கு முதல் நாள் சொல்லும் விதி.
பதினாறு வருடம் அதை
துறைமுகக் கதவிலேயே கழற்றி வைத்துவிட்டு
வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் மேஜையில் கொட்டினேன்.
கண்ணை மூடிக்கொண்டேன்.
தீப்பெட்டி வேண்டும் என்று நினைத்தேன்.
கை தானாக அடுப்புக்கு வலப்பக்கம் போனது.
அங்கேயே வைத்தேன்.
எது அழகு என்று அலமாரியைக் கேட்கவில்லை,
கையைத்தான் கேட்டேன்.
டீத்தூள். மாத்திரை. கெட்டில்.
சாவிக்கு, கதவின் உட்புறம் தோள் உயரத்தில் ஓர் ஆணி.
யார் தோள் என்று சண்டை வந்தது.
அவன் இந்த வருடம்தான் என்னைத் தாண்டி வளர்ந்தான்.
நடுவில் அடித்தோம்.

கட்டிலுக்கு அடியில் வித்தோல்ட் விட்டுப்போன
தூண்டில்கள், ஒரு மூட்டை.
ஏழு வருடமாக
அந்த முட்களுக்கு மேல்தான் படுத்திருக்கிறேன்.
அவனுக்கே அனுப்பினேன்.
தபால் செலவு நாற்பத்தொரு ஸ்வாட்டி.
வெற்றுத் தரை இவ்வளவு மலிவு என்று
யாருமே சொல்லவில்லை.

சைக்கிளை லூட்சினா ஆசையாக வாங்கிக்கொண்டாள்.
இப்போது அங்கே சட்டை காய்கிறது.

டிமோன் ஓர் இழுப்பறை கேட்டான்:
நான் திறக்கக் கூடாது, அடுக்கக் கூடாது.
சரி என்றேன்.
எவ்வளவு நல்ல கப்பலானாலும்
அடித்தட்டில் கொஞ்சம் தண்ணீர் தேங்கத்தான் செய்யும்.

இன்று அதிகாலை நான்கு மணி, முதல் ஷிப்ட்.
விளக்குப் போடவில்லை.
கை போனது: தீப்பெட்டி.
கை போனது: கோப்பை.
நீலச் சுடர் ஒரு வட்டமாய் மலர்ந்தது.
முன்பெல்லாம் இந்த நேரத்தில்
ஒரு காலுறையைத் தேடி
அரை நாளுக்கான தெம்பைச் செலவழித்துவிடுவேன்.
இப்போது பஸ்ஸுக்குப் பதினொரு நிமிடம் மீதி.
மேஜையில் என் முழங்கைகள் தவிர எதுவும் இல்லை.
ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில்,
பளுதூக்கிகளின் சிவப்பு விளக்குகள்
எனக்காகக் காத்திருக்கின்றன.
காத்திருக்கட்டும்,
டீ சூடாக இருக்கிறது.

இரண்டு கத்தரிக்கோல் கிடைத்துவிட்டன.
மூன்றாவது டிமோனின் இழுப்பறையில் இருக்கலாம்.
நான் கேட்கவில்லை.