ஆல்பேட்டை சோதனைச் சாவடி

மூடியைச் சுற்றி மூன்று சுற்று பிளாஸ்திரி.
கலாவல்லி, பெண், 43, வலது கிட்னி என்று
பச்சை மையில் ஏதோ ஒரு நர்ஸின் கையெழுத்து.
பாண்டியிலிருந்து அண்ணாமலை நகருக்கு
அக்காவை மடியில் வைத்துக்கொண்டு போகிறேன்.
ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

கன்னியக்கோயில் வரை யாரும் கவனிக்கவில்லை.
முள்ளோடையில் ஏறிய இருவர் மேல் அடித்த வாடையில்
ஃபார்மலின் ஒளிந்துகொண்டது.
பெண்ணையாற்றுப் பாலத்துக்குக் கீழே மணல்தான்.

ஆல்பேட்டையில் பஸ்ஸை ஓரங்கட்டினார்கள்.
பைகளை அமுக்கிக்கொண்டே வந்த ஏட்டு
என் மடியில் தட்டினார்.
"என்ன சரக்கு?"
"கிட்னி சார்."
"எந்தக் கம்பெனி?"

பஸ் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்,
அதற்காக அன்றிரவு தூங்கவில்லை.

டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
கீறிவிட்டிருந்த சதைக்குள்
நாவல்பழம் தின்ற வாய்போல ஒரு கறுப்பு.
கை மெதுவாக இறங்கியது.
பச்சைக் குழந்தையைத் திருப்பித் தருவதுபோல்
இரண்டு கையாலும் தந்தார்.
"ரைட், போலாம்" என்று அவரே சொன்னார்.
கண்டக்டரின் விசில் வாயிலேயே இருந்தது.

ஸ்கேன் பார்த்தவர்கள் எல்லோரும்
அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் சொல்லியிருந்தார்கள்.
அக்கா நகைச்சீட்டைப் பாதியில் முறித்தாள்.
ஐஸ் கம்பெனிக் கணக்கு நோட்டை ஒப்படைத்தாள்.
பத்தாவது படிக்கும் மகளுக்குப்
புடவை கட்டப் பழக்கினாள்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.

பதினேழாம் நாள்
டாக்டரம்மா என்னையும் லென்ஸுக்குள் பார்க்கச் சொன்னார்.
ரத்தக்குழாய்கள்.
ஒன்றின் வாய்க்குள் ஒன்று திறந்து,
முதுநகர்ப் பக்கம் கெடிலமும் உப்பனாறும் பரவனாறும்
எது எதுவென்று தெரியாமல் கிடப்பதுபோல.
"ஹீமாஞ்சியோமா. புற்று இல்லை, பரவாது.
கிட்னியில் நான் பார்ப்பது இது இரண்டாவது."
வலையில் பேர் தெரியாத மீன் வந்ததுபோல்
அவர் முகத்தில் ஒரு சந்தோஷம்.
"அப்ப எடுத்திருக்க வேண்டாமா மேடம்?"
கண்ணாடியைக் கழற்றினார்.
"எடுத்துப் பார்த்ததால்தான் தெரியுது."

அக்கா ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தாள்.
"திருப்பித் தருவாங்களாமா?"
சிரித்ததில் தையல் இழுத்தது.
விலாவைப் பிடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.
பிறகு கேட்டாள்:
"அந்த ஏட்டுக்கிட்ட சொன்னியாடா,
ஒண்ணுமில்லேன்னு?"

இன்னும் சொல்லவில்லை.
பாண்டி போய்த் திரும்பும்போதெல்லாம்
படியையே பார்த்துக்கொண்டு வருகிறேன்.
வேறு வேறு ஆட்கள் ஏறுகிறார்கள்,
என் மடியைத் தட்டாமல் இறங்கிப்போகிறார்கள்.